மல்டிபிள் ஸ்கிளிரோசிசுக்கான மோனோகுளோனல் எதிர்ப்பொருள் சிகிச்சை: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது, உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் என்ற கொழுப்புறையைத் தாக்கிச் சிதைப்பதால் வரும் நீடித்த நோய்; மருத்துவமனைகளில் எம்.எஸ். என்றே வழங்குகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும் இந்நோய் ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்குதல், கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், சிறுநீரை அடக்க முடியாமை போன்ற குறிகள் சில வாரங்கள் இருந்து தணிந்து, பின்னர் வேறோர் இடத்தில் தலைகாட்டுவது இதன் வழக்கமான போக்கு. இத்தாக்குதல்களைத் தடுக்கப் பயன்படும் மோனோகுளோனல் எதிர்ப்பொருள்கள், ஒரே மூல உயிரணுவின் வழிவந்த உயிரணுக்களிலிருந்து ஆய்வகத்தில் பெறப்பட்டு, உடலில் ஒரே ஓர் இலக்கை மட்டும் தேடிப் பற்றும் புரதங்களாகும்.

பாரிசில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ 1868இல் இந்நோயைத் தெளிவாக வரையறுத்தபின், நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக இது பெருகுகிறது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியதால், ஏறத்தாழ 11 முதல் 12 பாகை வடக்கில் அமைந்த சேலம், நாமக்கல் போன்ற பகுதிகளில் இதைத் தேடிப் பார்க்கும் பழக்கமே குறைவாக இருந்தது. காந்த அதிர்வு வரைவு எனப்படும் எம்.ஆர்.ஐ. பரிசோதனை பரவிய பிறகுதான் இந்தியாவில் நோயாளிகள் கூடுதலாக இனங்காணப்பட்டனர். மங்களூரு நகரில் நடந்து 2014இல் வெளியான கணக்கெடுப்பு, ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 8 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் காட்டியது. சூடு ஏறும்போது பழைய நரம்புக் குறிகள் தற்காலிகமாகக் கூடுவதை 1890இல் உட்ஹாஃப் விவரித்தார். சித்திரை, வைகாசி வெயிலில் விசைத்தறிக் கூடத்திலோ பண்ணையிலோ வேலை செய்யும் ஒருவருக்குப் பார்வை மங்கிக் கால் தளர்ந்தால் அது வெயில் களைப்பாகவே கொள்ளப்படும் வாய்ப்பு அதிகம் என்பதால், இந்தச் சமவெளியில் நோயறிதல் தாமதமாவதற்குத் தட்பவெப்பமும் ஒரு காரணம் எனலாம்.

மோனோகுளோனல் எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கும் முறையைக் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் வெளியிட்டு, 1984இல் யேர்னேயுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எம்.எஸ். நோய்க்கு இவ்வகையில் முதலில் ஒப்புதல் பெற்றது நட்டாலிசுமாப். வெள்ளணுக்கள் இரத்தக் குழாய்ச் சுவரைக் கடந்து மூளைக்குள் நுழைய உதவும் ஆல்ஃபா-4 இன்டெக்ரின் என்ற பிடிமானத்தை இது அடைத்துவிடுகிறது. இவ்வழி விலங்குகளில் நோயைத் தடுக்க முடியும் என்பதை யெட்னாக், ஸ்டைன்மன் முதலியோர் 1992இல் காட்டியிருந்தனர். அமெரிக்காவில் 2004 நவம்பரில் ஒப்புதல் கிடைத்த இம்மருந்து, மூன்றே மாதங்களில், 2005 பிப்ரவரி 28 அன்று, விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது. ஆய்வுகளில் பங்கேற்ற மூவருக்கு, ஜே.சி. வைரஸ் மூளையின் வெண்பகுதியை அரிக்கும் பி.எம்.எல். என்ற கொடிய நோய் வந்திருந்தது. அவர்களில் இருவர் இறந்தனர். வயது வந்தோரில் பாதிக்கு மேற்பட்டோரின் உடலில் அமைதியாகத் தங்கியிருக்கும் அந்த வைரஸைக் கண்காணித்துக்கொண்டிருந்த வெள்ளணுக்களை மருந்து மூளைக்கு வெளியே நிறுத்திவிட்டதே இதற்குக் காரணம்; நோயைத் தடுத்த அதே வினைதான் காவலையும் நீக்கியது.

கட்டாயப் பதிவும் கண்காணிப்பும் விதிக்கப்பட்டு, 2006 ஜூனில் அம்மருந்து மீண்டும் வந்தது. ஜே.சி. வைரஸுக்கான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருத்தல், முன்னரே நோயெதிர்ப்பை ஒடுக்கும் மருந்து எடுத்திருத்தல், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிகிச்சை தொடர்தல் என்ற மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால் ஆபத்து ஏறத்தாழ நூற்றில் ஒருவர் என்ற அளவுக்கு உயர்கிறது என்பதும், எதிர்ப்பொருள் இல்லாதவர்களுக்கு அது மிகமிக அரிது என்பதும் பின்னர் தெளிவாயின. மருந்தை நல்லது, கெட்டது என்று பிரிக்காமல், எந்த மருந்து யாருக்கு, எவ்வளவு காலம் என்று கேட்கும் முறை இத்துறையில் வேரூன்றியது இந்த நிகழ்வுக்குப் பிறகுதான். இதுவே இவ்வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம்.

அடுத்து வந்த அலெம்துசுமாப் வலிமை மிக்கதாயினும், தைராய்டுக் கோளாறு, தட்டணுக் குறைவு, அரிதாகப் பக்கவாதம் ஆகியவற்றுக்கு வழிவகுத்ததால் 2019இல் ஐரோப்பாவில் அதன் பயன்பாடு குறுக்கப்பட்டது. கடைசித் தவணைக்குப் பின்னும் நான்கு ஆண்டுகள் மாதந்தோறும் இரத்தமும் சிறுநீரும் சோதிக்க வேண்டிய இம்மருந்து, கூலி வேலையை விட்டுவிட்டு நகரத்துக்குப் போய்வர வேண்டிய குடும்பங்களுக்குப் பொருந்துவது கடினம். 2016இல் ஒப்புதல் பெற்ற டாக்லிசுமாப், மூளையழற்சி காரணமாக 2018 மார்ச்சில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது.

இந்தியாவைப் பொறுத்தவரை மையமான மருந்து ரிட்டுக்ஸிமாப். பி-செல்கள் என்ற வெள்ளணுக்களின் மேலுள்ள சி.டி.20 குறியைப் பற்றி அவற்றை அழிக்கும் இது, 1997இல் நிணநீர்ப் புற்றுநோய்க்காக ஒப்புதல் பெற்றது. 2008இல் வெளியான, 104 நோயாளிகள் பங்கேற்ற ஹெர்மெஸ் ஆய்வு, எம்.எஸ். நோயிலும் இது மூளையின் புதிய அழற்சிகளை வெகுவாகக் குறைப்பதைக் காட்டியது. எனினும் உரிமையாளர் நிறுவனம் இதே வழியில் செயல்படும் ஒக்ரெலிசுமாபை முன்னெடுத்து, 2017இல் அதற்கு ஒப்புதல் பெற்றது. தொடக்கம் முதலே படிப்படியாக முற்றும் வகைக்கு ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுவே. இதற்கிடையே 2007இலேயே ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் ரிட்டுக்ஸிமாபின் பயோசிமிலரை, அதாவது மூல மருந்தோடு ஒத்த உயிரித் தயாரிப்பை, குறைந்த விலையில் கொண்டுவந்திருந்தது. எம்.எஸ். நோய்க்கு முறையான ஒப்புதல் இல்லாமலே மருத்துவர்கள் தம் பொறுப்பில் இதை எழுதிவந்தனர். சுவீடனில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், இதைப் பெற்றவர்களில் 3 விழுக்காட்டினருக்கும் டைமெதில் ஃபியூமரேட் மாத்திரை உண்டவர்களில் 16 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் ரிட்டுக்ஸிமாபை எம்.எஸ். நோய்க்கான இன்றியமையா மருந்துகளில் சேர்த்தது. விலை தாங்க முடியாத நாடுகளின் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவந்ததற்குக் கிடைத்த நியாயமான அங்கீகாரம் அது.

சிகிச்சைக்கு முன் நோய் எது என்பது உறுதிப்பட வேண்டும். அக்வாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளால் வரும் நியூரோமையலைட்டிஸ் ஆப்டிகா நோயும் கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்குவதால் எம்.எஸ். போலவே தோன்றும், ஆனால் நட்டாலிசுமாப் அதை மோசமாக்கக்கூடும், ரிட்டுக்ஸிமாப் தணிக்கும். 2004இல் கண்டறியப்பட்ட அந்த எதிர்ப்பொருளுக்கான இரத்தப் பரிசோதனையைச் செலவைக் கருதித் தவிர்ப்பது, எந்தச் சிக்கனத்திலும் சேராது. பி-செல்களை அழிக்கும் மருந்துகள், கல்லீரலில் உறங்கும் ஹெபடைடிஸ்-பி வைரஸை எழுப்பி உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கல்லீரலைச் சிதைக்கக்கூடும் என்பதால், மேற்புறப் புரதம், உட்கருப் புரத எதிர்ப்பொருள் ஆகிய இரண்டு சோதனைகளும் முதல் ஊசிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். காசநோய் பரவலாக உள்ள நாடாதலால் மார்பு எக்ஸ்ரேயும் எடுக்கப்படுகிறது.

மருந்து ஏற்றும் நாளில், முதலில் பாராசிட்டமாலும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் ஸ்டீராய்டும் கொடுத்தபின், சலைனில் கலந்த ரிட்டுக்ஸிமாப் மணிக்கு 50 மில்லிகிராம் என்ற மெதுவான வேகத்தில் சிரை வழியாகத் தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை படிப்படியாகக் கூட்டப்படுகிறது. தொண்டை அரிப்பு, நடுக்கம், உடலில் தடிப்பு என எது தோன்றினாலும் செவிலியர் உடனே டிரிப்பை நிறுத்தி, இரத்த அழுத்தம் பார்த்து, குறி அடங்கிய பின் பாதி வேகத்தில் மீண்டும் தொடங்குவது வழக்கம். இம்மருந்துகள் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும்; உறையவும் கூடாது. கோழித் தடுப்பூசிகளை ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் கொண்டுபோய்ப் பழகிய நாமக்கல்லில், ஐஸ் கட்டி நேரே குப்பியைத் தொட்டால் இந்தப் புரதம் கெட்டுவிடும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மட்டும் ஏற்றினால் போதும் என்பது, ராசிபுரத்திலிருந்தோ பரமத்தி வேலூரிலிருந்தோ பெருநகரம் செல்வோருக்குப் பெரிய ஆறுதல். 1986இல் தொடங்கிய சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்க, இடைக்காலத்தில் வரும் காய்ச்சலையும் தொற்றையும் உள்ளூரிலேயே கவனிக்க வழியுண்டு. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, இரத்தத்தில் தொற்றை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற புரதத்தின் அளவு குறைந்து தொற்றுகள் கூடுவதால், அந்த அளவை அவ்வப்போது சோதிப்பது விடுபடக்கூடாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எம்.எஸ். நோயைத் தன் 21 வகைகளில் ஒன்றாக ஏற்றிருப்பதால், சான்றிதழ் பெறுவோர் அச்சட்டத்தின் பயன்களைக் கோரலாம்.

நோயாளிகளில் பெரும்பாலோர் இளம்பெண்கள் என்பதால் கர்ப்பம் பற்றிய கேள்வி தவறாமல் எழுகிறது. இவ்வெதிர்ப்பொருள்கள் கர்ப்பத்தின் பிற்பகுதியில் நச்சுக்கொடி வழியே குழந்தையைச் சென்றடைந்து, அதன் பி-செல்களையும் தற்காலிகமாகக் குறைக்கக்கூடும். இந்தியாவில் பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி., பின்னர் தரப்படும் ரோட்டா வைரஸ் மருந்து ஆகியவை உயிருள்ள கிருமிகளாலானவை என்பதால், அத்தகைய குழந்தைக்கு அவற்றைக் கொடுக்கும் முன் பி-செல்கள் மீண்டதை உறுதிசெய்ய வேண்டும். எனவே தாய்க்குக் கடைசியாக மருந்து ஏற்றிய தேதி, தாய்சேய் நல அட்டையில் எழுதப்பட்டு, தடுப்பூசி போடும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் பிரசவம் பார்க்கும் மருத்துவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.