நுழைவுக் கட்டுப்பாடு (வணிகம்)

நுழைவுக் கட்டுப்பாடு என்பது ஒரு கடை, ஆலை, கிடங்கு அல்லது அலுவலகத்தின் எந்தப் பகுதிக்குள் யார், எப்பொழுது செல்லலாம் என்பதை வரையறுத்து நடைமுறைப்படுத்தும் ஏற்பாடு ஆகும். பூட்டும் சாவியும் இதன் மிகப் பழைய வடிவம். அட்டை, கடவெண், கைரேகை ஆகியவற்றால் இயங்கும் மின்னணுக் கருவிகள் பிற்கால வடிவங்கள். கோயம்புத்தூர் மாவட்டத்தின் அன்னூர் போன்ற ஊர்களில் நூற்பாலை, நகை அடகுக் கடை, உரக்கடை, கூட்டுறவு வங்கி என ஒவ்வொன்றுக்கும் தேவை வேறுபடுகிறது. இரும்பின் கனத்தைக் காட்டிலும், சாவி எத்தனை பேரிடம் உள்ளது என்பதும், உள்ளே இருப்பவர் தடையின்றி வெளியேற முடியுமா என்பதுமே தேர்வின் முதன்மையான கேள்விகள் ஆகும்.

வீட்டுப் பூட்டிலிருந்து வேறுபாடு

வீட்டின் சாவி குடும்பத்தாரிடம் மட்டுமே இருக்கும். வணிக நிறுவனத்தில் மேலாளர், கணக்காளர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் எனப் பலர் சாவியைக் கையாள்வர். ஆண்டுதோறும் ஆட்கள் மாறுவர். வேலையை விட்டுச் செல்பவர் சாவியைத் திருப்பித் தந்தாலும், மாற்றுச் சாவி செய்து வைத்திருக்கிறாரா என்பதை அறிய வழியில்லை. ஆகவே பூட்டை அல்லது அதன் உட்பகுதியை மாற்றும் செலவையும் தொடக்கத்திலேயே கணக்கிடுதல் வேண்டும். உருளைப் பூட்டுகளில் உட்பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தொங்கு பூட்டாயின் பூட்டையே மாற்றுவது வழக்கம்.

கதவின் பிற உறுப்புகள் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. உறுதியான பூட்டை மெல்லிய நாதாங்கியில் மாட்டினால், உடைக்க வருபவர் பூட்டைத் தொடாமல் நாதாங்கியையே பெயர்த்துவிடுவார். சுருள் கதவை (ஷட்டர்) நடுவில் மட்டும் பூட்டினால் ஓரங்களை நெம்பித் தூக்க இயலும் என்பதால் இருபுறமும் பூட்டுவது நல்லது.

இயந்திரப் பூட்டுகள்

இன்று புழக்கத்தில் உள்ளவை பெரும்பாலும் இரு வகையின. முதலாவது லீவர் பூட்டு. உள்ளே அடுக்கப்பட்ட தகடுகள் ஒவ்வொன்றையும் சாவியின் பற்கள் சரியான உயரத்திற்குத் தூக்கினால் மட்டுமே இது திறக்கும். இங்கிலாந்தின் இராபர்ட் பாரன் 1778 இல் இதன் மேம்பட்ட வடிவத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1818 இல் செரமையா சப் உருவாக்கிய பூட்டில், தவறான சாவியால் ஒரு தகடு அளவுக்கு மேல் உயர்ந்தால் பூட்டு இறுகிக்கொள்ளும்; உரிமையாளர் அடுத்த முறை திறக்கும்போது யாரோ முயன்றதை அறிந்துகொள்வார். இரண்டாவது வகை, அமெரிக்கரான லைனசு யேல் (இளையவர்) 1861 இல் காப்புரிமை பெற்ற ஊசி உருளைப் பூட்டு ஆகும். மரத்தாலான ஊசிப் பூட்டுகள் பண்டைய எகிப்திலேயே இருந்தன.

திறக்கவே முடியாத பூட்டு என்ற விளம்பரம் பழமையானது. 1851 இல் இலண்டனில் நடைபெற்ற பெரும் கண்காட்சியின்போது, அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளரான ஆல்பிரட் சார்லசு ஆப்சு, அதுவரை வெல்லப்படாதவையாகக் கருதப்பட்ட சப், பிராமா நிறுவனப் பூட்டுகளைத் திறந்து காட்டினார். பூட்டு திருடனைத் தாமதப்படுத்தும் கருவி மட்டுமே என்ற கருத்து இதன்பின் வலுப்பெற்றது.

ஆறு லீவர்கள் கொண்ட பூட்டில் ஒவ்வொன்றும் ஐந்து உயரங்களில் ஒன்றை ஏற்கும் எனில், 15,625 வெவ்வேறு சாவிகள் கணக்களவில் சாத்தியம். நடைமுறையில் பயன்படுத்தத்தக்கவை இதனினும் குறைவு. பெருமளவில் உற்பத்தியாகும் பூட்டுகளில் ஒரே சாவி இரு பூட்டுகளுக்குப் பொருந்துவது இதனாலேயே.

திண்டுக்கல் பூட்டு

கொங்கு மண்டலத்தை ஒட்டிய திண்டுக்கல் நகரமும் நாகல்நகர், யாகப்பன்பட்டி முதலிய சுற்றுப்பகுதிகளும் கையால் செய்யப்படும் பூட்டுகளுக்குப் பெயர் பெற்றவை. மாங்காய் வடிவிலான மாங்காய்ப் பூட்டு, சாவியைச் சுழற்றும்போது ஒலியெழுப்பும் மணிப்பூட்டு, அலமாரிப் பூட்டு, ஷட்டர் பூட்டு எனப் பல வகைகள் இங்கு உருவாயின. கோயில்கள், கிடங்குகள், அரசு அலுவலகங்கள் ஆகியன நெடுங்காலம் இவற்றை வாங்கி வந்துள்ளன. 2019 ஆகத்து மாதத்தில் இப்பூட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

ஒவ்வொரு பூட்டுக்கும் ஏற்பச் சாவியை அரத்தால் தனித்தனியே அராவிப் பொருத்துவது இதன் சிறப்பு. ஒரு கிடங்கு உரிமையாளர் தமக்கு வேண்டிய அளவிலும் லீவர் எண்ணிக்கையிலும் சொல்லிச் செய்துகொள்ளலாம். எனினும் கைவேலைக்குக் காலம் பிடிக்கும்; விலையும் கூடும். உத்தரப் பிரதேசத்தின் அலிகாரிலிருந்து வரும் மலிவான இயந்திரத் தயாரிப்புகளுடன் போட்டியிட இயலாமல் இத்தொழில் நலிவடைந்தது. இளைஞர்கள் இத்தொழிலுக்கு வருவதும் அருகிவிட்டது.

இருவர் சாவி முறை

பெருமதிப்புள்ள பொருள்களுக்கு ஒருவரிடம் மட்டும் சாவியைத் தராமல் பொறுப்பைப் பிரிப்பது பழைய உத்தி. கோயில் உண்டியலை ஒருவர் தனியே திறக்க இயலாதவாறு பூட்டி முத்திரையிடுவதும், அலுவலர் முன்னிலையில் திறந்து எண்ணுவதும் தமிழ்நாட்டார் நன்கறிந்த எடுத்துக்காட்டு. வங்கிப் பாதுகாப்புப் பெட்டகமும் இவ்வாறானதே. வங்கியின் சாவியும் வாடிக்கையாளரின் சாவியும் சேர்ந்தால்தான் அது திறக்கும். இந்திய ரிசர்வ் வங்கி 2021 இல் வெளியிட்ட பெட்டக விதிமுறைகள், தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் வங்கியின் பொறுப்பில் இழப்பு நேர்ந்தால் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை இழப்பீடு உண்டு என வரையறுத்தன. சிறு கடைகளில் இவ்வளவு தேவையில்லை. சாவியை யார், எப்பொழுது எடுத்தார் என்று எழுதும் ஒரு பதிவேடே பல தகராறுகளைத் தவிர்க்கும்.

மின்னணு முறைகள்

மின்னணு முறையின் தனிப்பயன், விலகிச் செல்பவரின் அனுமதியைப் பூட்டை மாற்றாமலே நீக்கிவிடலாம் என்பதாகும். யார் எந்நேரம் நுழைந்தார் என்ற பதிவும் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறைக்கும் குறை உண்டு. நான்கு இலக்கக் கடவெண்ணில் 10,000 வாய்ப்புகள் உள்ளன. விசைப்பலகையில் நான்கு பொத்தான்கள் மட்டும் தேய்ந்திருந்தால் அவை வெறும் 24 ஆகச் சுருங்கும். மலிவான 125 கிலோ ஏர்ட்சு அட்டைகள் தம் எண்ணை மறைக்காமல் அனுப்புவதால் அவற்றைப் படியெடுப்பது எளிது. உலகெங்கும் பரவியிருந்த மைஃபேர் கிளாசிக் அட்டையின் மறையீட்டை நெதர்லாந்தின் ராட்பவுடு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008 இல் முறியடித்தனர்.

கைரேகைக் கருவிகள் வருகைப் பதிவோடு சேர்த்து நிறுவப்படுகின்றன. உடலுழைப்பால் விரல் ரேகை தேய்ந்தவர்களை இவை பலமுறை அடையாளம் காணத் தவறும். தொலைந்த சாவிக்கு வேறு சாவி செய்யலாம். களவுபோன கைரேகைத் தரவுக்கு மாற்று இல்லை. இத்தகைய தரவுகளைத் திரட்டும் நிறுவனங்களின் கடமைகளை வரையறுக்க இந்தியா 2023 இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது.

மின்சாரம் நின்றால் தானே திறந்துகொள்வது ஒரு வகை. பூட்டியே இருப்பது மற்றொரு வகை. காந்தப் பூட்டுகள் முதல் வகையைச் சேர்ந்தவை. 2012 இல் கோவை வட்டாரம் சந்தித்தது போன்ற நீண்ட மின்வெட்டில் மின்கலம் தீர்ந்துபோனால், காந்தப் பூட்டு மட்டும் உள்ள கிடங்கு திறந்தே கிடக்கும். இரண்டாம் வகையைத் தேர்ந்தால் உட்புறத்தில் மின்சாரமின்றித் திறக்கும் கைப்பிடி இன்றியமையாதது.

உள்ளிருப்போர் பாதுகாப்பு

1911 மார்ச்சு 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டை ஆலையில் ஏற்பட்ட தீ விபத்தில் 146 பேர் இறந்தனர். திருட்டைத் தடுக்கவென ஒரு வாயில் பூட்டப்பட்டிருந்தது உயிரிழப்பை மிகுவித்தது. 1997 சூன் 13 அன்று தில்லி உப்கார் திரையரங்கில் 59 பேர் இறந்தபோதும் வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தமை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இருந்தது. தள்ளினாலே திறக்கும் குறுக்குக் கம்பிக் கதவு இத்தகைய ஒரு துயரத்தின் விளைவே. 1883 இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து விக்டோரியா அரங்கில், தாழிடப்பட்ட கதவருகே 183 குழந்தைகள் நெரிசலில் மடிந்ததை அடுத்து, இராபர்ட் பிரிக்சு இதனை உருவாக்கி 1892 இல் காப்புரிமை பெற்றார். வெளியிலிருந்து சாவி வேண்டும், உள்ளிருந்து வேண்டாம் என்பது இதன் கோட்பாடு.

திருட்டுக்கு அஞ்சிப் போடப்படும் பூட்டு, ஆட்களை உள்ளே நிறுத்தி வைக்கவும் பயன்படக்கூடும். கொங்கு மண்டலம் உள்ளிட்ட தமிழக ஆலைப் பகுதிகளில் சுமங்கலித் திட்டத்தின் கீழ் விடுதிகளில் தங்கவைக்கப்பட்ட இளம்பெண்கள் வெளியே செல்லத் தடை இருந்ததை, 2011 இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வமைப்பான சோமோவின் அறிக்கை சுட்டிக்காட்டியது. இரவில் காவலாளியோ பணியாளரோ உள்ளே உறங்கும் கடைகளில் சுருள் கதவை வெளிப்புறம் பூட்டும் பழக்கமும் இதே இடர் கொண்டது. அங்கு உள்ளிருந்து திறக்கத்தக்க சிறு கதவு ஒன்றை அமைத்தல் வேண்டும்.