லிபரல் கட்சியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

அரசியற் கட்சிகளின் வரலாற்றிலே பிரித்தானிய லிபரல் கட்சியின் கதை தனித்து நோக்கத்தக்கது. 1906ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், 670 உறுப்பினரைக் கொண்ட பொதுமக்கள் சபையிலே ஏறத்தாழ 400 இடங்களை அக்கட்சி கைப்பற்றியது. பதினெட்டு ஆண்டுகள் கழிந்து 1924இல் தேர்தல் நடைபெற்றபோது அதற்குக் கிடைத்தவை 40 இடங்களே. இத்துணைப் பெரிய கட்சி இத்துணை விரைவில் நலிவுற்றது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு விடை காண அக்கட்சி பிறந்த நாளை நினைவுகூர்தல் வேண்டும். 1859ஆம் ஆண்டு யூன் மாதம் 6ஆம் திகதி, இலண்டன் மாநகரின் வில்லிஸ் மண்டபத்தில் 270இற்கும் மேற்பட்ட பாராளுமன்ற உறுப்பினர் கூடினர். பெருநில உடைமையாளர் நிறைந்த விக் பிரிவினர், தானியச் சட்டங்களை நீக்கியமையால் பழமைக் கட்சியை விட்டு விலகிய சேர் றொபேட் பீலின் வழிவந்தோர், தீவிர சீர்திருத்தவாதிகள் ஆகிய முத்திறத்தாரும் அங்கே ஒன்றுசேர்ந்தனர். நெடுங்காலம் பகைத்து நின்ற பாமர்ஸ்டன் பிரபுவும் ஜோன் ரசல் பிரபுவும், ஒருவர் பிரதமரானால் மற்றவர் அவரின்கீழ்ப் பணியாற்ற இசைவதாக அவையறியக் கூறினர். இரு போட்டியாளரின் விட்டுக்கொடுப்பே அக்கட்சிக்கு அடித்தளமாயிற்று.

அக்கட்சிக்கு உருவும் உயிரும் அளித்தவர் வில்லியம் கிளாட்ஸ்டன். 1832இல் பழமைக் கட்சியின் இளைஞராகப் பாராளுமன்றம் புகுந்த இவர், காலப்போக்கிற் கருத்து மாறி, லிபரல் கட்சியின் தலைவராக நான்கு முறை பிரதமர் பதவி வகித்தார். தடையற்ற வாணிபம், சிக்கனமான அரசாங்கம், மனச்சாட்சிச் சுதந்திரம் என்பன அவருடைய கொள்கைகள். 1868இல் அமைந்த அவரது முதலாவது அரசாங்கம், 1870ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டத்தையும் 1872ஆம் ஆண்டின் இரகசிய வாக்கெடுப்புச் சட்டத்தையும் நிறைவேற்றியது. நிலக்கிழாரின் கண்முன்னே வாய்திறந்து வாக்களிக்க வேண்டியிருந்த குடியானவன், அச்சட்டத்தின் பின்னரே அச்சமின்றி வாக்களிக்கலானான்.

ஆயினும் அயர்லாந்துப் பிரச்சினை கட்சியைப் பிளந்தது. அயர்லாந்துக்குச் சுயாட்சி வழங்கும் மசோதாவைக் கிளாட்ஸ்டன் 1886இற் கொணர்ந்தபோது, அவருடைய கட்சியினரே 93 பேர் எதிர்த்து வாக்களித்தனர். மசோதா தோற்றது. ஜோசப் சேம்பர்லேன் முதலியோர் பிரிந்துசென்று, நாளடைவிற் பழமைக் கட்சியோடு இணைந்தனர். 1893இல் பொதுமக்கள் சபை ஏற்ற இரண்டாவது மசோதாவைப் பிரபுக்கள் சபை 41இற்கு எதிராக 419 வாக்குகளால் நிராகரித்தது.

அதன்பின் சோர்ந்திருந்த கட்சி 1906இல் மீண்டும் தழைத்தது. 1908ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, எழுபது வயதடைந்த வறியோர் வாரத்துக்கு ஐந்து சிலிங் வரை ஓய்வூதியம் பெறலாயினர். இதற்கும் கடற்படைக்கும் பணம் தேட, நிதியமைச்சர் லோயிட் ஜோர்ஜ் 1909இல் செல்வர்மீதும் நிலத்தின்மீதும் புதிய வரிகளை விதித்தார். பிரபுக்கள் சபை அவ்வரவுசெலவுத் திட்டத்தைத் தள்ளிவிட்டது. பிரதமர் அஸ்குவித் 1910இல் இருமுறை பொதுத்தேர்தலுக்கு முகங்கொடுத்து, 1911இல் பாராளுமன்றச் சட்டத்தை நிறைவேற்றி, அச்சபையின் தடையதிகாரத்தைக் குறைத்தார். அவ்வாண்டிலேயே நோயுற்ற தொழிலாளருக்கு உதவும் தேசிய காப்புறுதிச் சட்டமும் பிறந்தது. எனினும், மக்களாட்சிக்காக இவ்வாறு போராடிய அஸ்குவித், பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை அந்நாளில் எதிர்த்தே நின்றார் என்பதும் மறைத்தற்குரியதன்று.

முதலாம் உலகப் போர் கட்சிக்கு எமனாய் வந்தது. போரை நடத்தும் முறைபற்றி எழுந்த பிணக்கின் முடிவில், 1916 டிசெம்பரில் அஸ்குவித் பதவி துறந்தார். பழமைக் கட்சியின் துணையோடு லோயிட் ஜோர்ஜ் பிரதமரானார். அவரின்கீழ்ப் பணியாற்ற அஸ்குவித் இசைந்திலர். வில்லிஸ் மண்டபத்திற் கைகூடிய இணக்கம் இம்முறை கைகூடவில்லை. 1918ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒரே கட்சியினர் இரு அணியாய் நின்று போட்டியிட்டனர். அஸ்குவித்தே தம் தொகுதியை இழந்தார்.

பிளவு மட்டுமே வீழ்ச்சிக்குக் காரணமன்று. 1918இல் வாக்குரிமை விரிவடைந்தபோது, புதிதாக அவ்வுரிமை பெற்ற தொழிலாளர் பலர் தொழிற்கட்சியையே தமதெனக் கருதினர். 1903இல் அக்கட்சியுடன் தொகுதி உடன்பாடு செய்து அதன் வளர்ச்சிக்கு வழிவிட்டவர்களும் லிபரல் கட்சியினரே. மேலும், ஒரு தொகுதியில் முதல்வருவோரே வெல்லும் தேர்தல் முறை, நாடெங்கும் பரந்து சிதறிய ஆதரவுடைய கட்சிக்குப் பாதகமாயிற்று. 1929இல் வாக்குகளில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு கிடைத்தும் இடங்கள் 59 மட்டுமே. 1951இல் அது ஆறு இடங்களுக்குச் சுருங்கிற்று.

1988இல் லிபரல் கட்சி, தொழிற்கட்சியிலிருந்து பிரிந்தோர் 1981இல் அமைத்த சமூக ஜனநாயகக் கட்சியோடு இணைந்தது. இவ்வாறு லிபரல் ஜனநாயகக் கட்சி தோன்றியது. அது 2010 முதல் 2015 வரை பழமைக் கட்சியுடன் கூட்டரசாங்கத்திற் பங்குகொண்டது. பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்த உடன்படோம் என அளித்த வாக்குறுதியைக் காவாமையால் மக்களின் சினத்துக்கு ஆளாகி, 2015இல் எட்டு இடங்களையே பெற்றது. 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் 72 இடங்களை வென்று மீண்டும் தலைநிமிர்ந்தது.

ஆட்சி கைநழுவிய காலத்திலும் லிபரல் சிந்தனை அழிந்தொழியவில்லை. இரண்டாம் உலகப் போரின் பின் தொழிற்கட்சி கட்டியெழுப்பிய சமூக நலத் திட்டங்களுக்கு வழிகாட்டிய 1942ஆம் ஆண்டு அறிக்கையை எழுதிய வில்லியம் பெவரிட்ஜும், பொருளியலறிஞர் கெயின்ஸும் லிபரல் கட்சியைச் சார்ந்தவர்களே. அக்கட்சி விதைத்தவற்றைப் பிறர் அறுவடை செய்தனர். முதியவரின் ஓய்வூதியமும் இரகசிய வாக்கும் இன்று எக்கட்சியாலும் மறுக்கப்படாதவை. ஆயின், அவற்றை ஈட்டித் தந்த கட்சி, தன் தலைவர் இருவரை ஓரணியில் நிறுத்த இயலாமற்போனமைக்குக் கொடுத்த விலை மிகப் பெரிது.