நோயாளியின் சொல்லும் ஆய்வின் கருவியும்: சேத்துப்பட்டு முதல் ஹனூர் வரை

1956 செப்டம்பரில் சென்னை சேத்துப்பட்டின் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தன் முதல் பெரும் ஆய்வைத் தொடங்கியபோது, ஹனூர் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கொள்ளேகால் வட்டத்தில் இருந்தது. நவம்பர் 1-இல் மாநிலச் சீரமைப்பு கொள்ளேகாலை மைசூர் மாநிலத்துடன் இணைத்தது. மாநிலம் மாறியது, வீடுகளில் பேசிய மொழி மாறவில்லை. இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆயினும், மருத்துவ ஆய்வுகளில் நோயாளியே தரும் தகவலைத் திரட்ட மின்னணுக் கருவியைத் தேர்ந்தெடுப்போர் இன்று எதிர்கொள்ளும் இரு கேள்விகள் இவற்றில் அடங்கியுள்ளன: நோயாளியின் சொல்லை எதைக் கொண்டு சரிபார்ப்பது? அவர் எம்மொழியில் சொல்வார்?

வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த சென்னை ஆய்வு, வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்றோரையும் சானடோரியத்தில் தங்கியோரையும் ஒப்பிட்டது. ஓராண்டுக்குப் பின் நோய் அடங்கியோர் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடு. சானடோரியத்தில் 92 விழுக்காடு. இவ்விரு எண்களின் நெருக்கமே உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை வீட்டை நோக்கித் திருப்பியது. வீட்டில் இருந்தவர் மருந்தை உண்மையில் உட்கொண்டாரா என்பதை அறிய அவர் வாய்மொழியை மட்டும் ஆய்வாளர்கள் நம்பவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர்.

நோயாளியின் சொல் ஐயத்துக்குரியது என்பதே இதன் பொருள் என்று கொண்டால் அது பிழையாகும். பெங்களூரின் தேசியக் காசநோய் நிறுவனத்தில் பணியாற்றிய தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்தில் நடத்தி 1963-இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. நோய் உறுதியானவர்களிடம் அறிகுறிகளைப் பற்றிக் கேட்டபோது, மிகப் பெரும்பாலோர் அவற்றை உணர்ந்திருந்தனர். பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே சிகிச்சை நாடியிருந்தனர். எந்த ஊடுகதிர்ப் படமும் இதனைச் சொல்லியிருக்காது. நோயாளி வந்து சேரும் மருத்துவ நிலையங்களிலேயே நோயைக் கண்டறியலாம் என்னும் கொள்கைக்கு இச்சொல்லே அடித்தளமாயிற்று.

அடுத்த திருப்பம் தாளின் நம்பகத்தன்மையைப் பற்றியது. 2002-இல் ஆர்தர் ஸ்டோன் குழுவினர் அமெரிக்காவில் நாட்பட்ட வலியுடையோருக்கு வழங்கிய நாட்குறிப்பு உறைகளில் ஒளியுணரிகளைப் பொருத்தினர். உரிய நேரத்தில் எழுதியதாகக் குறிக்கப்பட்ட பதிவுகள் 90 விழுக்காடு. உறை உண்மையில் திறக்கப்பட்டதை வைத்துக் கணித்தால் 11 விழுக்காடே. மின்னணுக் குறிப்பேட்டில் அது 94 விழுக்காடாக இருந்தது. மின்னணுக் கருவிக்கு ஆதரவான வலுவான சான்றாக இது இன்றளவும் எடுத்துக்காட்டப்படுகிறது.

எனினும் நேரமுத்திரை ஒரு செயல் நிகழ்ந்த நேரத்தையே உறுதிசெய்யும். சொல்லப்பட்டது உண்மை என்பதையன்று. பெங்களூரில் உருவான '99டாட்ஸ்' முறையில், மாத்திரையை எடுக்கும்போது உறையில் மறைந்திருக்கும் கட்டணமில்லா எண் வெளிப்படும். நோயாளி அவ்வெண்ணை அழைத்தால் அன்றைய மருந்து உட்கொள்ளப்பட்டதாகப் பதிவாகும். சென்னை, மும்பை உள்ளிட்ட இடங்களில் இதனைச் சிறுநீர்ச் சோதனையுடன் ஒப்பிட்ட ஆய்வு 2020-இல் வெளிவந்தது. மருந்து உட்கொண்டோரில் 70 விழுக்காட்டினரையும், உட்கொள்ளாதோரில் 61 விழுக்காட்டினரையும் மட்டுமே இம்முறை சரியாகக் காட்டியது. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் தீர்ப்பளித்தது சேத்துப்பட்டின் பழைய அளவுகோலே.

இரண்டாம் கேள்வி மொழியைப் பற்றியது. நோயாளி தெரிவிக்கும் விளைவுகள் குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வினாக்களை நோயாளிகள் எவ்வாறு புரிந்துகொள்கின்றனர் என்பதற்குச் சான்று கேட்கிறது. ஹனூர்ப் பகுதியில் இது எளிதன்று. கன்னடம் பெருவழக்கு, மார்ட்டள்ளி போன்ற ஊர்களில் தமிழர் வாழ்கின்றனர், மலை மகாதேசுவர மலைக் காடுகளில் சோலிகர்களின் மொழி வழங்குகிறது. கன்னடப் பள்ளியில் பயின்ற தமிழர் ஒருவர் தமிழில் வலியை விவரிக்கலாம், ஆனால் கன்னடத்தையே எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். அவருக்குத் தமிழ் எழுத்தில் அமைந்த திரையும் பொருந்தாது, கன்னட வினாவும் முழுதாகப் பொருந்தாது. தமிழில் ஒலிக்கும் குரல்வழி வினாவே பொருந்தும்.

கைபேசியின் உரிமையும் இத்தகையதே. வீட்டுக்கு ஒரே கைபேசி இருந்து, அது மகனிடமோ கணவரிடமோ இருந்தால், மனச்சோர்வைப் பற்றிய வினாவுக்குப் பெண்ணின் விடை அவருடையதாக இராது. சமிக்ஞை இல்லாத இடத்தில் பதிவைத் தேக்கிவைக்காத செயலி, தொலைவில் வாழ்வோரை ஆய்விலிருந்து ஓசையின்றி நீக்கிவிடும். விடுபட்ட தரவு தற்செயலானதன்று. முதியோர், எழுத்தறியாதோர், நோய் முற்றியோர் ஆகியோரே பெரும்பாலும் விடுபடுவர். அப்போது மருந்து உண்மையினும் நல்லதாகத் தோன்றக்கூடும்.

ஆகவே தேர்வு கருவிகளின் விலைப்பட்டியலில் தொடங்குதல் தகாது. எதைக் கேட்க வேண்டும், யாரிடம், எம்மொழியில், யார் அருகிருக்கையில் என்பவை முதலில் முடிவாக வேண்டும். பின்னர், பங்கேற்போரில் ஒரு பகுதியினரிடமேனும் கருவி சாராத ஒரு சரிபார்ப்பை வைத்திருக்க வேண்டும். சேத்துப்பட்டில் வீட்டுச் சிகிச்சையின் முடிவு நிலைபெற்றதற்கு, நோயாளியை வீட்டிலேயே விட்டதும், அந்த வீட்டுக்கு ஆய்வாளர் நேரில் சென்றதும் ஆகிய இரண்டுமே காரணம்.