சுழற்சி முறைப் பணியும் மணவாழ்வின் மகிழ்ச்சியும்

கணவன் மனைவியரிடையே உள்ள நெருக்கம் அன்பாலும் குணத்தாலும் மட்டும் அமைவதில்லை. உறக்கம், உடல்நலம், பணிநேரம், பொருளாதாரம், உறவினர் தலையீடு, குழந்தை வளர்ப்பு ஆகியவையும் அதனைப் பாதிக்கின்றன. நெய்வேலி நகரியத்தைப் பொறுத்தவரை, இவற்றுள் முதலில் கேட்டறிய வேண்டியது பணிநேரமே.

1956-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் பணி இரவிலும் நிற்பதில்லை. சுரங்கத்தின் அடியில் மிகுந்த அழுத்தத்துடன் உள்ள நிலத்தடி நீரை இடைவிடாது இறைத்தால்தான் நிலக்கரியை வெட்ட இயலும். அனல்மின் நிலையக் கொதிகலன்களையும் மாலையில் அணைத்துவிட்டு வீடு திரும்ப முடியாது. ஆகவே தொழிலாளர்கள் மூன்று ஷிப்டுகளில் மாறி மாறிப் பணிபுரிகின்றனர். அவர்களது வீடுகளும் அவ்வாறே இயங்குகின்றன. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் இதைப் பற்றி விசாரிப்பது அரிது.

உறக்கக் குறைவு உறவை எவ்வாறு பாதிக்கிறது?

உடலின் உயிரியல் கடிகாரம் பகல் வெளிச்சத்தை ஒட்டி இயங்குகிறது. இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குபவரின் உறக்கம் பொதுவாகக் குறுகியதாகவும் எளிதில் கலைவதாகவும் இருக்கும். இது நீடித்தால் எரிச்சல் மிகும். பிறர் முகக்குறிப்பை உணரும் திறன் குறையும். தாம்பத்திய நாட்டமும் தளரும். இவற்றை வாழ்க்கைத் துணைவர் 'என்மீது அன்பு குறைந்துவிட்டது' என்று பொருள் கொள்வது இயல்பு. பல நேரங்களில் அது களைப்பே ஆகும்.

பணிக்குச் செல்பவரின் களைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. காலை ஷிப்டுக்கு உணவு கட்டித்தர விடியுமுன் எழுந்து, பகலில் அவர் உறங்கும்போது குழந்தைகளின் சத்தத்தை அடக்கி, இரவில் தனியே வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் உறக்கத்தை எவரும் கணக்கில் கொள்வதில்லை. இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியரின் கணவருக்கும் இது பொருந்தும். மருத்துவரிடம் இருவரது உறக்க நேரத்தையும் கூறவும்.

சச்சரவு மனத்தோடு நின்றுவிடுவதுமில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் 42 தம்பதியரிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கையில் ஏற்படுத்தப்பட்ட சிறு கொப்புளப் புண்கள், பகைமையுடன் பேசிக்கொண்ட தம்பதியருக்குத் தாமதமாகவே ஆறின.

நோயாகவும் இருக்கலாம்

நீரிழிவு ஆண்களுக்கு விறைப்புக் குறைபாட்டை உண்டாக்கலாம். சில இரத்த அழுத்த மருந்துகளும் மனச்சோர்வு மருந்துகளும் நாட்டத்தைக் குறைக்கலாம். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் கூறினால் மாற்று மருந்து தர இயலும். மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு, தைராய்டு குறைபாடு, மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள் ஆகியவை 'சிடுசிடுப்பு' என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகின்றன. இரவுப் பணிக்குப் பின் உறக்கத்திற்காக மது அருந்துவது தவறான பழக்கம். மது விரைவில் உறக்கத்தைத் தந்து, பின்பாதி உறக்கத்தைக் கெடுத்துவிடும்.

வீட்டில் செய்யத்தக்கவை

ஷிப்டு அட்டவணையைச் சமையலறை நாட்காட்டியில் குறித்து வைக்கவும். எந்த ஷிப்டாயினும் நாளில் ஒரு வேளை உணவையாவது சேர்ந்து உண்ணவும். உறங்கும் அறைக்குத் தடித்த திரைச்சீலை இடவும். பகல் உறக்க நேரத்தை உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் தெரிவிக்கவும். இரவுப் பணியிலிருந்து திரும்பியவுடன் கடன், சொத்து, மாமியார் வீட்டுப் பிரச்சினை ஆகியவற்றைப் பேச வேண்டாம். பேசும்போதும் 'உங்களுக்கு அக்கறையே இல்லை' என்பதைவிட 'மூன்று நாட்களாக நாம் பேசவே இல்லை' என்று தொடங்குவது பயன் தரும்.

பணி ஓய்வையும் முன்கூட்டியே பேசுதல் நல்லது. ஓய்வுக்குப் பின் நகரியக் குடியிருப்பை ஒப்படைக்க வேண்டும். பல ஆண்டுகள் பழகிய அண்டை வீட்டாரையும் கடைத்தெருவையும் விட்டு, வடலூரிலோ பண்ருட்டியிலோ சொந்த ஊரிலோ குடியேறும் தம்பதியர், முதன்முறையாக நாள் முழுவதும் ஒரே வீட்டில் இருக்க நேரிடும். வீட்டு வேலையைப் பகிர்வது, பிள்ளைகளுடன் வசிப்பதா தனித்து வசிப்பதா என்பவற்றை ஓராண்டுக்கு முன்னரே இருவரும் முடிவு செய்யவும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

இரண்டு வாரங்களுக்கு மேல் சோர்வோ உறக்கமின்மையோ நீடித்தால் மருத்துவரை அணுகவும். தற்கொலை எண்ணம் தோன்றினால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். அடிப்பது, மிரட்டுவது, பணத்தைப் பறித்துக்கொள்வது ஆகியவற்றுக்குப் பணிக்களைப்பு காரணமாகாது. அவை குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருபவை. இந்நிலையில் பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கவும். உடனடி ஆபத்து எனில் 112.