வாரண்டி அட்டையில் வராத மூன்று வாரங்கள்

நிபோங் திபால் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் குத்தகை எடுத்திருக்கும் என் மாமா, சில வருடங்களுக்கு முன் புதிதாக ஒரு சிறிய டிராக்டர் வாங்கினார். மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுத்த வண்டி. மூன்றாம் மாதம் ஹைட்ராலிக் பம்பில் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. கடையிலிருந்து ஆள் வந்து சீல் மாற்றினார். பத்து நாளில் மறுபடியும் கசிவு, மறுபடியும் சீல். மூன்றாவது முறை பேச்சு மாறிவிட்டது. "நீங்க ஓவர்லோட் ஏத்துறீங்கண்ணே. இது வாரண்டியில வராது."

டிராக்டர் மூன்று வாரம் கொட்டகையில் கிடந்தது. ஆனால் குலை காத்திருக்காது. வெட்டிய குலை ஆலைக்குப் போகத் தாமதமானால் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். மாமா வாடகைக்கு லோரி பிடித்து ஓட்டினார். வந்த குத்தகைப் பணம் வாடகைக்கே சரியாகப் போனது.

வாரண்டி அட்டையை அப்போதுதான் முழுசாகப் படித்தோம். இத்தனை மாதம் அல்லது இத்தனை மணி நேரம், எது முந்துகிறதோ அதுவரை. டிராக்டரின் வயதைக் கிலோமீட்டரில் அல்ல, இயந்திரம் ஓடிய மணிக்கணக்கில்தான் எண்ணுவார்கள். சீல், ஃபில்டர், பெல்ட், டயர் எல்லாம் தேய்மானப் பொருட்கள், அவை சேராது. கடைசி வரி: இயந்திரம் ஓடாமல் போவதால் ஏற்படும் நஷ்டத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல.

ஜார்ஜ்டவுனில் விவரம் கேட்கப் போன இடத்தில், மேசைக்குப் பின்னால் இருந்தவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். டிராக்டர் வீட்டு உபயோகத்துக்கா, தொழிலுக்கா?

"டிராக்டர வச்சிக்கிட்டு வீட்ல என்னா பண்றது?" என்று மாமா சிரித்தார். அந்தப் பதிலோடு ஒரு கதவு மூடிக்கொண்டது. அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

மாட்டுச் சந்தைக் காலத்தில் வாரண்டி கிடையாது. பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசினால் முடிந்தது. வீட்டுக்குப் போனபின் மாடு படுத்துக்கொண்டால் அது வாங்கியவனின் கண்ணுக்கு வந்த கேடு. உழவனுக்கு மாட்டைப் பற்றி விற்கிறவனுக்குச் சமமாகத் தெரியும் என்பதால் இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயமும் இருந்தது. இயந்திரம் வந்ததும் அந்தச் சமநிலை குலைந்தது. வார்ப்பிரும்புக்குள் இருக்கும் விரிசலை எந்த உழவனின் கண்ணும் பார்க்காது.

இதில் முதலில் சூடுபட்டவர்களில் அமெரிக்க விவசாயிகளும் உண்டு. 1910களில் அங்கே டிராக்டர் கம்பெனிகள் புற்றீசல் போலக் கிளம்பின. மினியாபொலிஸ் நகரில் ஒரு கம்பெனி, ஃபோர்டு என்ற பெயர்கொண்ட ஒருவரைச் சேர்த்துக்கொண்டு 'ஃபோர்டு' டிராக்டர் என்று விற்றது. கார் செய்த ஹென்றி ஃபோர்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் தன்னுடைய டிராக்டருக்கு 'ஃபோர்ட்சன்' என்று பெயர் வைக்க வேண்டி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி அந்தப் போலி ஃபோர்டை வாங்கினார். ஓடவில்லை. மாற்றிக் கேட்டு வாங்கியதும் ஓடவில்லை. அவர் பிறகு மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். 1919இல் நெப்ராஸ்கா டிராக்டர் சோதனைச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, மாநிலத்தில் விற்கும் டிராக்டர் மாதிரியைப் பல்கலைக்கழகம் சோதிக்கும், விளம்பரத்தில் சொன்ன குதிரைத்திறன் உண்மையா என்று முடிவை வெளியிடும். இரண்டு, விற்கிற கம்பெனி உதிரி பாகங்களை எட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். 1920இல் 'வாட்டர்லூ பாய்' என்ற டிராக்டர் முதல் சோதனையை முடித்தது. லிங்கன் நகரில் அந்தச் சோதனைக்கூடம் நூறு ஆண்டு கடந்தும் இயங்குகிறது. 1959இலிருந்து பல நாடுகளுக்குப் பொதுவான டிராக்டர் சோதனை விதிகளும் இருக்கின்றன.

மாமாவின் பிரச்சினையும் இந்த இரண்டுதான். பழுது பம்பிலா, ஓட்டியதிலா என்று யார் சொல்வது? பாகம் வரும்வரை போகும் நாட்களை யார் சுமப்பது? ஓவர்லோட் என்று கடைக்காரர் சொன்னது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொன்னவரும் விற்றவரும் ஒருவரே என்பதுதான் சிக்கல்.

பினாங்குக்கு வருவோம். இங்கே பொருள் விற்பனைக்கு நீண்டகாலம் இங்கிலாந்தின் சட்டமே பொருந்தியது. அந்த 1893 சட்டம், விற்கும் பொருள் விற்பனைக்கு உகந்த தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன காரியத்துக்குப் பயன்பட வேண்டும் என்று எழுதப்படாத வாக்குறுதியாகச் சேர்த்தது. மலாய் மாநிலங்களுக்கு 1957இல் தனிச் சட்டம் வந்தது. நீரிணைக் குடியேற்றங்களாக இருந்த பினாங்குக்கும் மலாக்காவுக்கும் அது 1990இல்தான் நீட்டிக்கப்பட்டது. இந்தச் சட்டம் வீடு, தொழில் என்று பிரிப்பதில்லை, டிராக்டருக்கும் பொருந்தும். ஆனால் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் அந்த வாக்குறுதியை விலக்கிவிடலாம். பொடி எழுத்துகளின் வேலை அதுதான்.

பொடி எழுத்தோடு சண்டை போட்ட ஊர் என்றும் பினாங்கைச் சொல்லலாம். 1970ஐ ஒட்டி இங்கே தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை, சிறு வயதில் தமிழ்நாட்டிலிருந்து வந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019இல் மறையும்வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு தலைமையேற்று நடத்தினார். மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று நாலு மொழியிலும் எழுதினார்கள். விலை, கலப்படம், பழுதுபட்ட பொருள் என்ற புகார்களோடு அவர்கள் நிற்கவில்லை. செபராங் பிறையில் கோலா ஜூரு மீனவர்களின் ஆறு தொழிற்சாலைக் கழிவால் கெட்டபோது அங்கேயும் போனார்கள். அந்த மீனவர்கள் கடையில் எதையும் வாங்கி ஏமாந்தவர்கள் அல்ல. ஆற்றை வைத்துப் பிழைத்தவர்கள்.

இதே சங்கத்தின் தொடக்கத்தில் இருந்த அன்வர் ஃபசால் 1978இல் பயனீட்டாளர் சங்கங்களின் உலக அமைப்புக்குத் தலைவரானார். ஐ.நா. சபை 1985 ஏப்ரலில் ஏற்ற பயனீட்டாளர் பாதுகாப்பு வழிகாட்டிகளுக்காக அந்த அமைப்பு பல ஆண்டுகள் உழைத்தது. விற்ற பிறகான சேவையும் உதிரி பாகமும் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்ற வரி அதிலே இருக்கிறது. நெப்ராஸ்கா விவசாயி கேட்டதுதான்.

மலேசியாவில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இல் வந்தது. நல்ல சட்டம். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், பழுதுபார்க்கும் வசதியும் பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும், இந்த உரிமைகளை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது. வழக்கறிஞர் இல்லாமலேயே முறையிட ஒரு தீர்ப்பாயம். அதன் வரம்பு 10,000 வெள்ளியில் தொடங்கி, 2019 திருத்தத்தில் 50,000 வெள்ளிக்கு உயர்ந்தது. ஆனால் பயனீட்டாளர் யார் என்று சட்டம் சொல்லும் இடத்தில், வழக்கமாகச் சொந்த, குடும்ப, வீட்டு உபயோகத்துக்கு வாங்கப்படும் பொருளை வாங்குபவர் என்று இருக்கிறது. குளிர்பெட்டி சேரும். டிராக்டர் சேராது.

இந்தியாவில் இதே முடிச்சு வேறு மாதிரி அவிழ்ந்தது. 1986இன் நுகர்வோர் சட்டமும் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்கியது. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோரே என்று 1993இல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். 1995இல் கோவையின் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் விற்ற ஓர் இயந்திரம் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் இதை விரித்துச் சொன்னது. வாங்கிய நிறுவனம் தோற்றது, அது பெரிய அளவில் தொழில் செய்வது என்பதால். ஆனால் ஆட்டோவோ லேத்தோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்பது அந்தத் தீர்ப்பால் உறுதியானது. மாமா பொள்ளாச்சியில் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு அவர் சிரித்த பதில் அவரை வெளியே தள்ளியிருக்காது.

தமிழ்நாட்டில் நுகர்வோர் என்கிறார்கள். நாம் பயனீட்டாளர் என்கிறோம். நுகர்வது என்றால் அனுபவிப்பது, தீர்ப்பது. ஒரு பொருளிலிருந்து பயனை ஈட்டுபவர் என்பது வேறு. டிராக்டரை யாரும் நுகர்வதில்லை. அதிலிருந்து பயன் ஈட்டுகிறார்கள், அதுவும் நாள் கணக்குப் பார்த்து. நம்முடைய சொல்லுக்குள் மாமாவுக்கு இடம் இருக்கிறது, கோலா ஜூரு மீனவருக்கும் இருக்கிறது. நம்முடைய சட்டத்தில் இன்னும் இல்லை. இந்தியச் சட்டத்தில் சேர்த்தது போன்ற ஒரு விளக்கம், ஒரே ஒரு வாக்கியம், இங்கேயும் சேர்ந்தால் போதும்.

மாமாவின் கதை எப்படி முடிந்தது? முதல் கசிவிலிருந்தே ஒவ்வொரு தடவையும் மணிமானியைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். மூன்று சர்வீஸ் ரசீது, கழற்றிப் போட்ட இரண்டு சீல். இவற்றை வைத்து, விற்பனைச் சட்டத்தைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினோம். ஒரு வாரத்தில் பம்பு முழுசாக மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கசியவில்லை.

எனக்குச் சந்தோஷம். மாமா பம்பைப் பார்க்கவில்லை, லோரி வாடகை எழுதி வைத்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பம்பு வந்துருச்சி," என்றார். "மூணு வாரம் வரலியே."