வழங்குநரின் இரவு: ‘ஹாலோவீன்’ (1978) திரைப்படமும் அமெரிக்கத் தொலைக்காட்சியின் திகில் திரையிடல் மரபும்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் பின்னிரவுத் திகில் காட்சிகளில் ஒருவர் தோன்றிப் படத்தை அறிமுகப்படுத்துவதும், இடையிடையே குறுக்கிட்டுப் பேசுவதும் நெடுநாளைய வழக்கம். பெரும்பாலும் வேடமிட்டு வரும் இவ்வழங்குநரைப் பழைய படங்களை எள்ளி நகையாடும் கோமாளி என்ற அளவில் கடந்துசெல்வது எளிது. ஜான் கார்பென்டர் இயக்கிய ‘ஹாலோவீன்’ படத்தை உடன்வைத்து நோக்கினால் அம்மதிப்பீடு போதாது என்பது புலனாகும்.

வழக்கத்தின் வேர் வணிகத்தில் உள்ளது. 1954இல் லாஸ் ஏஞ்சலிஸின் கேஏபிசி நிலையத்தில் மைலா நுர்மி ‘வாம்பைரா’ என்னும் பாத்திரமாகத் தோன்றினார். 1957இல் ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனம் யுனிவர்சலின் பழைய படங்கள் 52ஐ ‘ஷாக்!’ என்ற தொகுப்பாக உள்ளூர் நிலையங்களுக்கு விற்றபோது இம்முறை நாடெங்கும் பரவியது. ஊர்தோறும் காட்டப்பட்டது ஒரே சரக்கு. அதற்கு உள்ளூர் முகம் தந்தவர் வழங்குநர். விளம்பரத்திற்காகப் படம் அறுபட்ட இடங்களே அவருக்குரிய மேடையாயின. இவரைக் ‘கட்டியங்காரன்’ என்றழைக்கத் தோன்றுவது இயல்பே. ஆயினும் கூத்தின் கட்டியங்காரன் நிகழ்த்துதலுக்குள்ளேயே நிற்பவன், பாத்திரங்களோடு உரையாடுபவன். தொலைக்காட்சி வழங்குநரோ முன்பே முடிந்துபோன படத்திற்கு வெளியே நிற்பவர். எனவே அச்சொல்லை இங்குத் தவிர்க்கிறேன்.

‘ஹாலோவீன்’ இம்மரபைத் தன் கதைக்குள்ளேயே கொண்டுள்ளது. கதை நிகழும் இரவில் ‘டாக்டர் டிமென்ஷியா’ என்பவர் தொடர்ந்து ஆறு மணிநேரம் திகில் படங்களை வழங்கவிருப்பதாக உரையாடலில் செய்தி வருகிறது. சிறுவர்களான டாமியும் லிண்ட்சியும் அன்றிரவு தொலைக்காட்சியில் ‘தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்’ (1951), ‘ஃபர்பிடன் பிளானெட்’ (1956) ஆகிய படங்களைக் காண்கின்றனர். இதனைப் பழைய படங்களுக்குச் செலுத்திய வணக்கம் என்று மட்டும் கொள்வது குறைவாசிப்பு. பெட்டிக்குள் இருக்கும் அச்சத்திற்கு ஒரு வழங்குநர் உண்டு. நேரமும் எல்லையும் உண்டு. சன்னலுக்கு அப்பால், எதிர்வீட்டருகே டாமி காணும் உருவத்திற்கு இவை எதுவுமில்லை. அவன் சொல்வதைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் லாரி நம்புவதில்லை. பூச்சாண்டி என ஒன்றில்லை என்று தேற்றுகிறாள். வழங்குநரைப் போலவே அவளும் அச்சத்திற்கு எல்லை வகுக்கிறாள். அந்த எல்லை உடைவதே படத்தின் பின்பகுதி. வழங்குநர் அற்ற திகிலைக் காட்டுவதற்குக் கார்பென்டருக்கு வழங்குநர் உள்ள திகில் தேவைப்பட்டது என்பது என் வாசிப்பு.

இப்படமும் பின்னர் தொலைக்காட்சிக்கே வந்து சேர்ந்தது. 1981இல் என்பிசி ஒளிபரப்பியபோது சில காட்சிகள் நீக்கப்பட்டன. ஒதுக்கிய நேரத்தை நிரப்ப, இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்புக் காலத்தில் எடுத்த சுமார் 12 நிமிடக் காட்சிகள் சேர்க்கப்பட்டன. தொலைக்காட்சியின் கால அளவு படத்தின் உடலையே மாற்றிய நிகழ்வு இது.

விளம்பரம்தான் வழங்குநரைத் தாங்கியது எனில், விளம்பரம் நீங்கியதும் அவரும் மறைந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. டிஎன்டி அலைவரிசையில் ‘மான்ஸ்டர்விஷன்’ நிகழ்ச்சியை 2000 வரை வழங்கிய ஜோ பாப் பிரிக்ஸ் (இதழாளர் ஜான் ப்ளூமின் புனைபெயர்), 2018 ஜூலை 13 அன்று ஷடர் இணையத் தளத்தில் 13 படங்களைத் தொடராக வழங்கினார். பார்வையாளர் திரளைத் தாங்காமல் தளம் திணறியது. பலரால் நுழையவே இயலவில்லை. அப்படங்களுள் பலவற்றை வேண்டும் நேரத்தில் தனியே கண்டுவிடும் வாய்ப்பு இருந்த காலம் அது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ‘ஹாலோவீன்’ படத்தையும் அதன் 4, 5ஆம் பாகங்களையும் அவர் அவ்வாறே ஓரிரவில் வழங்கினார். படத்தை நிறுத்தும் கட்டாயம் ஏதுமில்லாத அத்தளத்திலும் அவர் இடையிடையே படத்தை நிறுத்திப் பேசினார்.