விபத்துப் படிவம் பிறந்த கதை

குலசேகரத்திலிருந்து திருவட்டாறு வழியாக மார்த்தாண்டம் போகிற ரோட்டில், ஒரு வளைவில் பைக்கும் டாரஸ் லாரியும் மோதிக்கொண்டன என்று வைத்துக்கொள்வோம். இருபது வருடத்துக்கு முன்பென்றால் அதன் கதை முதல் தகவல் அறிக்கையில் ஒரே வரியில் முடிந்திருக்கும்: டிரைவர் வண்டியை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதினார். இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 279; ஆள் இறந்திருந்தால் 304-ஏ. சம்பவ இடம் என்ற கட்டத்தில், ஸ்டேஷனிலிருந்து எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர். முடிந்தது.

எழுதிய ஏட்டையாவைக் குறை சொல்வதற்கில்லை. கோர்ட்டுக்கு வேண்டியது குற்றம் செய்தவர் யார் என்பது; காகிதமும் அதற்கென்றே அச்சடித்தது. வளைவின் உட்பக்கத்தில் காம்பவுண்டுச் சுவர் எதிர்வண்டியை மறைத்ததா, தாரின் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே எவ்வளவு பள்ளம், மழைத்தண்ணீர் ரோட்டின் குறுக்கே ஓடியதா என்றெல்லாம் கேட்க அதில் இடமே இல்லை. எங்கள் குமரிப் பக்கத்து ரோடுகளுக்கோ இவைதான் முக்கியமான கேள்விகள். பலவும் திருவிதாங்கூர் காலத்தில் மாட்டுவண்டிக்கும் ஒன்றிரண்டு பஸ்ஸுக்கும் போட்ட தடம். 1956 நவம்பர் 1-ல் இந்த ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது வளைவுகளும் கூடவே சேர்ந்துகொண்டன. இன்று அதே தடத்தில்தான் விடிவதற்கு முன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவரின் பைக்கும், கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸும் எதிரெதிரே வருகின்றன.

விபத்தை வேறு மாதிரிப் பார்க்கச் சொன்னவர் வில்லியம் ஹேடன் என்ற அமெரிக்க மருத்துவர். 1966-ல் அந்த நாட்டு அரசு சாலைப் பாதுகாப்புக்கென அமைத்த துறையின் முதல் தலைவர். மோதுவதற்கு முன், மோதும்போது, மோதிய பின் என்று விபத்தை மூன்றாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் ஆள், வண்டி, சுற்றுப்புறம் மூன்றுக்கும் என்ன பங்கு என்று கட்டம் கட்டினார். ஆளைத் திருத்துவதைவிட ரோட்டைத் திருத்துவது சுலபம் என்பது அந்தக் கட்டங்களைப் பார்த்ததுமே புரியும். டெல்லி ஐ.ஐ.டி.யில் தினேஷ் மோகன் இதையே பல ஆண்டுகள் விடாமல் சொன்னார். டிரைவர்மேல் பழியைப் போட்டுவிட்டு ரோட்டை அப்படியே விடுவது அறிவியல் அல்ல என்பது அவர் கட்சி. பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அங்கே ஆண்டுதோறும் பயிற்சி வகுப்பும் நடந்துவந்தது. ஆனால் வகுப்பறைக்கும் திருவட்டாறு ஸ்டேஷன் மேஜைக்கும் நடுவே பாலம் இல்லை.

அந்தப் பாலத்தின் முதல் தூண் தமிழ்நாட்டில் எழுந்தது என்று பெருமையோடு சொல்லலாம். உலக வங்கி உதவியோடு நடந்த சாலைத் திட்டத்தில் ஆர்.ஏ.டி.எம்.எஸ். என்ற கணினிப் பதிவு 2009 வாக்கில் போலீசுக்கு வந்தது. விபத்துகளை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்க்க அப்போதுதான் வழி பிறந்தது. பிறகு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஐ.ஐ.டி. ஆட்களையும் போலீஸ், போக்குவரத்து அதிகாரிகளையும் ஒரே குழுவில் உட்காரவைத்து, 2017-ல் நாடு முழுமைக்கும் புதிய படிவம் ஒன்றைக் கொண்டுவந்தது. ரோட்டின் நிலை, வண்டி, ஓட்டியவர், அடிபட்ட மற்றவர்கள் என்று தனித்தனிப் பகுதி. நேர் ரோடா வளைவா, ஏற்றமா இறக்கமா, ஹெல்மெட் இருந்ததா இல்லையா என்று குறிப்பாகக் கேட்டு வாங்கியது. எழுதுகிறவரின் ஊகத்துக்கு வேலை குறைந்தது.

காகிதத்தில் இருந்ததை செல்போனுக்குக் கொண்டுவந்தது சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வெங்கடேஷ் பாலசுப்ரமணியன் குழு வடிவமைக்க, தேசிய தகவலியல் மையம் நடைமுறைப்படுத்திய ஐராட் செயலி 2021-ல் ஆறு மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடு அவற்றில் ஒன்று. மாவட்டந்தோறும் ஆள் போட்டு, ஸ்டேஷன்காரர்களுக்கு எதை எங்கே அழுத்துவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். என் கணக்கில் செயலியைவிட இந்தப் பயிற்சிதான் பெரிய காரியம்.

அதே வளைவுக்கு இப்போது வருவோம். போலீஸ்காரர் சம்பவ இடத்தில் நின்று செயலியைத் திறக்கிறார், இடம் ஜி.பி.எஸ். கணக்கில் பதிவாகிறது. போட்டோ, வீடியோ ஏற்றியதும் அந்த விபத்துக்கென்று தனி எண் விழுகிறது. வண்டியைப் பரிசோதிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளருக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவரவர் பகுதி உண்டு. ரோட்டைப் பராமரிக்கும் துறையின் பொறியாளர் செல்போனிலும் தகவல் போய் நிற்கும். அவர் நேரில் வந்து ரோட்டைப் பார்த்து எழுத வேண்டும். சேர்ந்த விவரங்களை அலசி, ரோட்டில் என்ன மாற்றலாம் என்று சொல்வது ஐ.ஐ.டி.யின் வேலை. ஹேடன் கட்டிய கட்டங்களை இப்போது நாலு துறைக்காரர்கள் பங்குபோட்டு நிரப்புகிறார்கள்.

இடம் துல்லியமாக வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள் நடந்தால், அல்லது 10 பேர் இறந்தால், அது பிளாக் ஸ்பாட். ‘ஸ்டேஷனுக்கு வடகிழக்கே 3 கிலோமீட்டர்’ என்று எழுதினால் எந்த 500 மீட்டர் என்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கம் அந்த 500 மீட்டருக்குள் மூன்று வளைவு வந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. விவரம் சென்னைக்கு ஏறுகிற வேகத்தில் திருத்தம் கீழே இறங்குவதில்லை. பொறியாளர் நேரில் போனாரா, ஆபீசில் இருந்தபடியே நிரப்பினாரா என்பது ஊர்க்காரருக்குத் தெரிய வழியில்லை. இத்தனைக்கும் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-ஏ என்ற பிரிவு இருக்கிறது. ரோட்டை அமைத்தவரோ பராமரிப்பவரோ பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிரோ உறுப்போ போனால், அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கலெக்டர் தலைமையில் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. அடுத்து மனு கொடுக்கப் போகிறவர்கள் வேகத்தடை வேண்டும் என்பதோடு நிறுத்த வேண்டாம். எங்கள் வளைவில் நடந்த விபத்துக்குப் பொறியாளர் வந்து பார்த்து என்ன எழுதினார், அதன்மேல் என்ன செய்தீர்கள் என்றும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.